செயப்பாட்டுவினை

அரங்கின் அடித்தளத்தில், கொதிகலனுக்குப் பின்னே
பதினேழு மினிட் புத்தகங்கள்.
வெஸ்ட்ரம் ஐஸ் ஹாக்கி சங்கம், சஸ்காட்செவன்.
மேலே பனித்தளத்தை இயந்திரம் மெழுகும்போது
உத்தரம் உறுமும்,
பக்கத்தின் மேல் சுண்ணாம்பு உதிரும்.
ஊதிவிட்டுப் படிப்பேன்.

1988, பிப்ரவரி. வெளியே மைனஸ் முப்பத்தொன்று,
அதையும் எழுதியிருக்கிறார்கள்.
ஸ்கேட் தீட்டும் கல் வாங்க ஒப்புதல் அளிக்கப்பட்டது.
திருமதி வெர்லா பெடர்சாக்கின் கடிதம் வாசிக்கப்பட்டது.
பயிற்சியாளரிடம் விசாரிக்கப்பட்டது.
விளக்கம் ஏற்கப்பட்டது.
கடிதம் கோப்பில் வைக்கப்பட்டது.
காபி வழங்கப்பட்டது.

கோப்பில் கடிதம் இல்லை.
துருப்பிடித்த கிளிப்பின் தடம் மட்டும்
அட்டையில் பழுப்பாய்.

பட்டது, பட்டது, பட்டது.
ஆறு வாக்கியம். செய்தவர் ஒருவரும் இல்லை.
வாசித்தது யார், ஏற்றது யார், வைத்தது யார்,
வினைமுற்றுக்குள் நுழைந்து
கோட்டை மாட்டிக்கொண்டு
எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.
பட்டவன் பெயரும் இல்லை.

மே மாதம்:
பயிற்சியாளர் வேறு ஊருக்கு விடுவிக்கப்பட்டார்,
நன்றிக் கடிதத்துடன், ஒரு கைக்கடிகாரத்துடன்.
அந்த ஊரிலும் ஓர் அரங்கு இருந்தது.
விடியுமுன் புறப்படும் பேருந்து இருந்தது.

என்னை இந்த நாற்காலியில் உட்கார வைத்தது
மாகாணம் அனுப்பிய விதிமுறை.
கதவில் கண்ணாடி.
பேருந்தில் இரண்டு பெரியவர்கள்.
பிள்ளையின் போனுக்குத் தனிச் செய்தி கூடாது.
கூட்டத்தில் ஆர்லோ ஸ்டெப்னிட்ஸ் கேட்டார்:
"இனி ஒரு பையனின் தோளைத் தட்டக்கூட
படிவம் நிரப்ப வேண்டுமா?"
சிலர் சிரித்தார்கள்.
நல்ல மனிதர்தான். முப்பது வருடமாக
இந்தக் கூரையைத் தன் கைக்காசில்
ஒழுகாமல் பார்த்துக்கொண்டவர்.
நல்ல மனிதர்கள் நிறைந்த அறையில்தான்
அந்தக் கடிதத்தையும் வாசித்தார்கள்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.
ஐந்தாம் பொருளுக்குப் போனோம்.

கடைசி வரிசையில் கோரி இருந்தார், வெர்லாவின் மகன்.
நாற்பத்தேழு வயது. தானியக் கிடங்கில் வேலை.
தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னார்:
"அம்மா அதை மூன்று முறை திருத்தி எழுதினாள்.
எழுத்துப்பிழை இருந்தால்
நம்ப மாட்டார்கள் என்று."
அவ்வளவுதான்.
மன்னிப்புக் கடிதம் தயாரிக்கலாம் என்றோம்.
"யார் கையெழுத்துப் போடுவீர்கள்?"

வக்கீல் வரைவு அனுப்பினார்:
வருத்தம் தெரிவிக்கப்படுகிறது.
சிவப்பு மையால் அடித்தேன்.
நாங்கள். கேட்டோம். நம்பவில்லை. அனுப்பிவைத்தோம்.
நான்கு சொல்லுக்கு இரண்டு வாரம்.
ஏழு கையெழுத்தில் ஐந்துதான் வந்தது.
ஆர்லோவுடையது நான்காவது,
பேனா தாளைக் கிழித்திருந்தது.

நேற்று, பயிற்சி முடிந்து,
ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி
லேஸை அவிழ்க்காமலே என் மேசையருகே நின்றாள்.
பாதி வாக்கியம் சொன்னாள்.
"நிச்சயமாகவா?" என்று நான் கேட்கவில்லை.
மீதியைப் பிடுங்கவும் இல்லை.
"சொன்னாயே, நல்லது" என்றேன்.
குரல் என்னுடையது போலவே இல்லை.
புதுக் கண்ணாடிக்கு அப்பால்
ஆர்லோ தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
எங்களைப் பார்த்தார். துடைப்பதை நிறுத்தினார்.
போகவில்லை.

போனை எடுத்தேன்.
தலைவரின் எண் முதலில் இருந்தது.
அதைத் தாண்டி இறங்கினேன்.

6.40. அவள் சொன்னாள். நான் கேட்டேன்.
6.52. நான், லெஸ்யா ஹ்னாட்யுக், போலீசை அழைத்தேன்.
6.58. அவளுடைய அம்மாவை அழைத்தேன்.
7.15. யாரும் இன்னும் வரவில்லை.
ஹாட் சாக்லேட் ஒன்று வாங்கிக்கொடுத்தேன்.
இரண்டு டாலர். என் காசு.